டிஸ் டிராக்: ஒருவருக்கு விருது, இன்னொருவருக்குச் சாவு

2020 ஆகஸ்ட் 4, மாலை நேரம். சிகாகோவின் கோல்ட் கோஸ்ட் பகுதியில் இருக்கும் ஓக் ஸ்ட்ரீட், பணக்காரர்கள் வந்து போகிற கடைத்தெரு. எஃப்பிஜி டக் என்ற 26 வயது ராப்பர், மகனின் பிறந்தநாளுக்குப் பொருள் வாங்க அங்கே வந்திருந்தார். ஒரு கடைக்கு வெளியே அவர் நின்றிருந்தபோது இரண்டு கார்கள் வந்தன. அதிலிருந்து நான்கு பேர் இறங்கிச் சுட்டார்கள். டக் இறந்துபோனார். கூட நின்ற இரண்டு பேர் காயமடைந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே, இத்தனை பேர் நடமாடும் தெருவில், இத்தனை கேமராக்களுக்கு நடுவே இது நடந்தது.

அதற்கு முந்தைய மாதம்தான் டக் ஒரு டிஸ் டிராக் வெளியிட்டிருந்தார். டிஸ் டிராக் என்றால் எதிராளியைப் பெயர் சொல்லித் திட்டி, மட்டம் தட்டிப் பாடும் ராப் பாட்டு. டக்கின் பாட்டு அதையும் தாண்டிப் போனது. எதிர்க் கும்பலில் கொல்லப்பட்ட பையன்களின் பெயர்களைச் சொல்லி, இறந்தவர்களையே கேலி செய்தது. யூடியூபில் அது பெரிய ஹிட். கொலைக்கு முன்பும் பின்பும் கார்கள் போய்வந்த வழியைப் புலனாய்வாளர்கள் கேமராக் காட்சிகளை வைத்துக் கோத்தார்கள். 2024 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி 6 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது.

அதே 2024 மே மாதத்தில் இன்னொரு டிஸ் டிராக் வந்தது. ராப்பர் கென்ட்ரிக் லமார், இன்னொரு ராப்பரான டிரேக்கைத் திட்டிப் பாடிய ‘நாட் லைக் அஸ்’. மறு வருடம் பிப்ரவரியில் அதற்கு 5 கிராமி விருதுகள் கிடைத்தன. ஒரு வாரம் கழித்து, நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் அதே பாட்டை லமார் கோடிக்கணக்கானவர்கள் முன்னால் பாடினார்.

இரண்டு பாட்டும் ஒரே மரபிலிருந்து வந்தவை. இரண்டிலும் வசை கடுமையானதுதான். ஒன்றுக்கு விருதும் இன்னொன்றுக்குச் சவப்பெட்டியும் கிடைத்தது ஏன்? ‘ராப் வன்முறையைத் தூண்டுகிறது’ என்பது பழைய பதில், அது போதாது. ‘அது வெறும் பாட்டுதானே’ என்பது அதற்கு எதிரான பதில், அதுவும் போதாது. பாடியவனுக்கும் திட்டு வாங்கியவனுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்தைப் பணம் கொடுத்து வாங்க யாருக்கு வசதி இருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் இதில் பாதியாவது விளங்கும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ராப் பிறந்த நாளிலிருந்தே மோதலும் கூடவே இருக்கிறது. 1981-ல் ஹார்லெம் வேர்ல்ட் என்ற கிளப்பில் கூல் மோ டீ, பிஸி பீ இருவரும் மேடையில் மோதிக்கொண்டார்கள். 1984-ல் ரோக்ஸான் ஷாண்டே என்ற 14 வயதுச் சிறுமி, யூடிஎஃப்ஓ குழுவின் ஒரு பாட்டுக்கு எதிர்ப்பாட்டு பாடினார். அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று டஜன் கணக்கில் பாட்டுகள் வந்து குவிந்தன. அப்புறம் ஹிப் ஹாப் எங்கே பிறந்தது என்பது பற்றிய ‘பிரிட்ஜ் வார்ஸ்’. குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் எம்சி ஷான் ஒரு பக்கம், சவுத் பிராங்க்ஸின் கேஆர்எஸ்-ஒன் மறுபக்கம். இவற்றில் தோற்றவர்களுக்குப் பேர் கெட்டது, அவ்வளவுதான். 1987-ல் கேஆர்எஸ்-ஒன்னின் கூட்டாளி ஸ்காட் லா ராக் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அதற்கும் இந்தப் பாட்டுச் சண்டைக்கும் சம்பந்தமில்லை. வேறொரு தகராறைத் தீர்த்துவைக்கப் போன இடத்தில் நடந்தது அது. துப்பாக்கி அந்தத் தெருக்களில் ஏற்கனவே இருந்தது. பாட்டோடு அது இன்னும் கோத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.

அந்த இரண்டும் கோத்துக்கொண்டது தொண்ணூறுகளின் நட்சத்திர ராப்பர்களான டுபாக், பிக்கி காலத்தில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கதையை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அதில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது பாட்டுகளை. கொலை நடந்த வழியோ வேறு.

1994 நவம்பர் 30 இரவு, நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் உள்ள குவாட் ஸ்டுடியோவின் லாபியில் டுபாக் ஷகூரைச் சுட்டு, நகைகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தார். மாடியில் பிக்கியும், அவருடைய லேபிளின், அதாவது பாட்டுகளை வெளியிடும் நிறுவனத்தின், தலைவரான பஃப் டாடியும் இருந்தார்கள். தன்னைத் தாக்கப்போகிறார்கள் என்று அவர்களுக்கு முன்பே தெரியும் என டுபாக் நம்பத் தொடங்கினார். அவர்கள் மறுத்தார்கள். சில மாதங்களில், 1995 தொடக்கத்தில், பிக்கியின் ‘ஹூ ஷாட் யா?’ வெளிவந்தது. ‘உன்னைச் சுட்டது யார்?’ என்று கேட்கும் பாட்டு. அந்தச் சம்பவத்துக்கு முன்பே பதிவு செய்தது, டுபாக்கைப் பற்றியதே அல்ல என்றார்கள். வேறொரு வழக்கில் சிறைத்தண்டனை பெற்று, உடம்பில் குண்டுக் காயங்களோடு இருந்த ஒருவரின் காதில் அந்தப் பாட்டு எப்படி விழுந்திருக்கும்? பாடியவர் என்ன நினைத்தார் என்பது அந்த இடத்தில் யாருக்கும் முக்கியமாகப் படவில்லை.

1995 அக்டோபரில் 14 லட்சம் டாலர் ஜாமீனில் டுபாக் வெளியே வந்தார். ஏற்பாடு செய்தவர் டெத் ரோ ரெக்கார்ட்ஸின் ஷுக் நைட். பதிலுக்கு டுபாக் அந்த லேபிளில் சேர்ந்தார். இங்கேதான் விஷயம் மாறுகிறது. டெத் ரோவைச் சுற்றி காம்ப்டனின் மாப் பைரு கும்பலோடு தொடர்புள்ள ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எதிரிகள் சவுத் சைட் கிரிப்ஸ். நாடகப் பள்ளியில் படித்து, கவிதை எழுதி வளர்ந்த கலைஞர், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தெருப்பகைக்குள் நடந்து போய்விட்டார். 1996 ஜூனில் ‘ஹிட் எம் அப்’ வந்தது. பிக்கியின் மனைவியோடு படுத்தேன் என்று தொடங்கி, எதிர்த்தரப்பில் ஒருவரையும் விடாமல் கொலை மிரட்டல் விடும் பாட்டு. டிஸ் டிராக்குகளிலேயே கொடூரமானது எது என்று கேட்டால் இன்றும் பலர் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் டுபாக்கைக் கொன்றது அந்தப் பாட்டுக்கு வந்த பதில் அல்ல. 1996 செப்டம்பர் 7, லாஸ் வேகாஸ். மைக் டைசன் குத்துச்சண்டை முடிந்து வெளியே வரும்போது, எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டலில் ஆர்லாண்டோ ஆண்டர்சன் என்ற கிரிப்ஸ் ஆளை டுபாக்கும் அவருடைய ஆட்களும் அடித்து உதைத்தார்கள். ஓட்டல் கேமராவில் அது பதிவாகியிருக்கிறது. காரணம் ஒரு சங்கிலிப் பதக்கம். டெத் ரோ லேபிளின் பதக்கத்தை அவர்கள் ஆள் ஒருவரிடமிருந்து ஒரு ஷாப்பிங் மாலில் ஆண்டர்சன் கோஷ்டி பறித்ததாகப் பகை இருந்தது. அடி விழுந்த சில மணி நேரத்தில், சிக்னலில் நின்ற டுபாக்கின் காருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை கேடிலாக் வந்து நின்றது. செப்டம்பர் 13 அன்று டுபாக் இறந்தார். வயது 25. ஆண்டர்சன் தனக்குச் சம்பந்தமில்லை என்றார். 1998-ல் வேறொரு துப்பாக்கிச் சண்டையில் அவரும் போய்ச் சேர்ந்தார். 2023 செப்டம்பரில்தான் இந்த வழக்கில் முதல் கைது நடந்தது. கைதானவர் ஆண்டர்சனின் மாமா டுவேன் டேவிஸ். அந்த கேடிலாக்கில் இருந்ததாக அவரே பேட்டிகளிலும் தன் நூலிலும் சொல்லியிருந்தார். நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்திருக்கிறார்.

டுபாக் இறந்து ஆறு மாதத்தில், 1997 மார்ச் 9 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விருந்து முடிந்து திரும்பும்போது பிக்கியும் காரிலேயே சுடப்பட்டார். வயது 24. அந்தக் கொலைக்காக இன்றுவரை ஒருவர் மேலும் வழக்குப் பதியவில்லை.

அப்படியென்றால் பாட்டுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது தோட்டாவின் பங்கு அல்ல. இரண்டு லேபிள்களுக்கு இடையில் இருந்த தனிப்பட்ட கசப்பை ‘கிழக்குக் கடற்கரை, மேற்குக் கடற்கரை’ என்று ஊர்ச்சண்டையாக ஆக்கியது பாட்டும், அதை அட்டைப்படம் போட்டு விற்ற பத்திரிகைகளும்தான். அப்படி ஆன பிறகு சமாதானம் பேசுவது கோழைத்தனமாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. கூடவே திரிகிற, பாட்டு எழுதத் தெரியாத, பெயர் எடுக்கத் துடிக்கிற ஆட்கள் தங்கள் விசுவாசத்தைக் காட்ட வேறு வழி தேடுகிறார்கள்.

அந்தக் கூட இருக்கும் ஆட்கள் விஷயம் 2001 பிப்ரவரியில் பளிச்சென்று தெரிந்தது. கபோன்-என்-நோரியேகா குழுவின் பாட்டு ஒன்றில் ஃபாக்ஸி பிரவுன் என்ற பெண் ராப்பர், இன்னொரு பெண் ராப்பரான லில் கிம்மைச் சீண்டியிருந்தார். நியூயார்க்கின் ஹாட் 97 வானொலி நிலைய வாசலில் லில் கிம்மின் ஆட்களும் அந்தக் குழுவின் ஆட்களும் எதிரெதிரே வந்தபோது துப்பாக்கிகள் வெடித்தன. ஒருவர் காயமடைந்தார். லில் கிம் யாரையும் சுடவில்லை. ஆனால் தன் ஆட்கள் இருவர் அங்கே இருந்ததைப் பார்க்கவில்லை என்று கிராண்ட் ஜூரி முன்னால் பொய் சொன்னார். கேமரா அதைக் காட்டிக்கொடுத்தது. 2005-ல் பொய்ச் சாட்சியத்துக்காக அவருக்கு ஒரு வருடமும் ஒரு நாளும் சிறை.

அதே 2001-ல் தொடங்கிய இன்னொரு மோதல் எப்படி முடிந்தது பாருங்கள். ஜே-ஸீ ‘டேக்ஓவர்’ பாட்டில் நாஸைத் தாக்க, நாஸ் ‘ஈதர்’ என்று திருப்பி அடித்தார். ஜே-ஸீ அடுத்ததாகப் பாடியது நாஸின் குழந்தைக்குத் தாயான பெண்ணை இழிவுபடுத்தும் அளவுக்குக் கீழே இறங்கியது. ஜே-ஸீயின் அம்மாவே கண்டித்து மன்னிப்புக் கேட்கச் சொல்ல, வானொலியில் அவர் மன்னிப்புக் கேட்டார். 2005-ல் நியூஜெர்சி மேடையில் இருவரும் கை கோத்தார்கள். அடுத்த வருடம், ஜே-ஸீ தலைவராக இருந்த டெஃப் ஜாம் லேபிளிலேயே நாஸ் ஒப்பந்தமானார். இருவருமே அதற்குள் பெரிய நட்சத்திரங்கள். பிறந்து வளர்ந்த குடியிருப்பில் அவர்கள் வசிக்கவில்லை. சண்டையால் இருவருக்குமே விற்பனை கூடியது. சமாதானமாகப் போனால் இன்னும் லாபம் என்பதும் இருவருக்கும் தெரிந்திருந்தது.

இனி சிகாகோவுக்கு வரலாம். அங்கே பிறந்த, தெருச்சண்டைகளைப் பச்சையாகப் பாடும் ராப் வகையான டிரில் இசையைப் புரிந்துகொள்ள வரைபடத்தைப் பார்ப்பது நல்லது. நகரத்தின் தெற்கில் பார்க்வே கார்டன்ஸ் என்ற குடியிருப்பு வளாகம் இருக்கிறது. அதைத்தான் ‘ஓ பிளாக்’ என்கிறார்கள். 2011-ல் கொல்லப்பட்ட ஓடி பெர்ரி என்ற இளைஞரின் பெயரால் வந்த பெயர். எஃப்பிஜி டக்கின் ஆட்கள் புழங்கிய செயின்ட் லாரன்ஸ் தெரு அங்கிருந்து நடந்தே போகிற தூரம். அந்தப் பகுதிக்கும் இறந்த ஒருவனின் பெயர்தான்: டூக்கா. 2011 ஜனவரியில் பஸ் நிறுத்தத்தில் சுடப்பட்டு இறந்தபோது அவனுக்கு 15 வயது. எதிர்த்தரப்பு ராப்பர்கள் கஞ்சா புகைப்பதை ‘டூக்காவைப் புகைக்கிறேன்’ என்று பாடத் தொடங்கினார்கள். அந்தச் சொல்வழக்கு உலகம் முழுக்கப் பரவியது. யார் அந்த டூக்கா என்று தெரியாமலேயே வேறு கண்டங்களில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பாடினார்கள். ஒரு தாயின் மகன் அது. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

எதிராளியின் பணத்தை, திறமையை, ஆண்மையைக் கேலி செய்தால் பதிலுக்கு இன்னொரு பாட்டு எழுதலாம். செத்துப்போன தம்பியைக் கேலி செய்தால் எதை எழுதிப் பதில் சொல்வது? அதுவும் கேலி செய்தவன் நாலு தெரு தள்ளிக் குடியிருக்கும்போது, அவன் எந்தக் கடைக்குப் போவான், எந்தப் பெண்ணைப் பார்க்கப் போவான் என்பது வரை தெரிந்திருக்கும்போது? டிரில் மோதல்கள் பழைய ராப் மோதல்களிலிருந்து விலகும் இடம் இதுதான். இறந்தவர்களை இழுத்ததும், அக்கம்பக்கத்திலேயே வாழ்வதும் சேர்ந்துகொண்டன. மூன்றாவதாகக் கைப்பேசியும் சேர்ந்தது.

2012-ல் லில் ஜோஜோ என்ற 18 வயதுப் பையன், சீஃப் கீஃப் என்ற டிரில் ராப்பரின் கோஷ்டியைத் தாக்கி ஒரு பாட்டு வெளியிட்டான். அப்போது கீஃபுக்கும் 17 வயதுதான், ஆனால் இன்டர்ஸ்கோப் லேபிளோடு பெரிய ஒப்பந்தம் கைக்கு வந்திருந்தது. செப்டம்பர் 4 அன்று, ஜோஜோ காரில் போய் எதிர்த்தரப்பு ராப்பர் ஒருவரைப் பார்த்துக் கத்துவதையெல்லாம் வீடியோவாக எடுத்து இணையத்தில் போட்டான். அப்புறம் தான் எந்தத் தெருவில் இருக்கிறேன் என்பதையும் ட்விட்டரில் போட்டான். அன்று மாலையே சுட்டுக் கொல்லப்பட்டான். கீஃபின் கணக்கில் இந்தச் சாவைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு பதிவு வந்தது. கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பிறகு விளக்கம் சொன்னார். அந்தக் கொலைக்காக யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. ஜோஜோவின் பாட்டு மட்டும் அவன் உயிரோடு இருந்தபோது பார்த்திராத எண்ணிக்கையில் பார்க்கப்பட்டது.

அந்த எண்ணிக்கை சாதாரண விஷயம் இல்லை. லேபிள் இல்லாத, வேலை இல்லாத ஒரு பையனுக்கு யூடியூப் பார்வைகள்தான் வெளியே போகும் கதவு. மற்ற பாட்டுகளை விட வசைப்பாட்டுக்குக் கூட்டம் சேரும். யார் யாரைக் கொன்றது என்று ஆளுக்கொரு பட்டியல் போட்டு விளக்கும் சேனல்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பார்வையாளர்கள் நாம்தான். 2021-ல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நான்கு ராப்பர்கள், எல்லோருக்கும் தெரிந்த ஒரு மென்மையான பியானோ பாட்டின் மெட்டில், கொல்லப்பட்ட எதிரிகளின் பெயர்களை அடுக்கி ‘ஹூ ஐ ஸ்மோக்’ பாடினார்கள். உலகமே சிரித்துக்கொண்டு பகிர்ந்தது. பாடியவர்களில் ஒருவர் யங்கீன் ஏஸ். 2018-ல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் சகோதரனையும் இரண்டு நண்பர்களையும் இழந்து, தான் மட்டும் பிழைத்தவர். எதிர்த்தரப்பில் நின்ற ராப்பர் ஃபூலியோ, 2024 ஜூனில் டாம்பா நகரத்துக்குத் தன் 26-வது பிறந்தநாளைக் கொண்டாடப் போன இடத்தில் கொல்லப்பட்டார்.

சரி, லமாருக்கும் டிரேக்குக்கும் இந்த ஆபத்தே இல்லையா? அவர்கள் சண்டையிலும் ரத்தம் சிந்தியது. ‘நாட் லைக் அஸ்’ பாட்டின் அட்டைப்படம், டொராண்டோவில் உள்ள டிரேக்கின் மாளிகையை மேலிருந்து காட்டும் வரைபடம். பாலியல் குற்றவாளிகள் வாழும் வீடுகளைக் குறிக்கும் அடையாளங்கள் அதன் மேல் ஒட்டப்பட்டிருந்தன. பாட்டு வந்தது 2024 மே 4. மே 7 அதிகாலையில் அந்த மாளிகையின் வாசலில் நின்ற காவலாளியை யாரோ சுட்டுவிட்டுக் காரில் பறந்தார்கள். பலத்த காயம், உயிர் பிழைத்தார். நோக்கம் என்னவென்று இப்போதே சொல்ல முடியாது என்றது காவல்துறை. அடுத்த நாட்களில் அந்நியர்கள் உள்ளே நுழையப் பார்த்ததும் நடந்தது. முகவரியைக் காட்டுவது என்ற சிகாகோ பையன்களின் வழக்கம், உலகத்தின் மிகப்பெரிய இசை நிறுவனம் வெளியிட்ட பாட்டின் அட்டையிலேயே வந்துவிட்டது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே குண்டு பட்டது சம்பளத்துக்கு நின்ற காவலாளி மேல். பணம் வாங்கிக் கொடுக்கும் தூரம் என்று நான் சொன்னது இதைத்தான். இத்தனை லட்சம் வார்த்தைகள் எழுதப்பட்ட இந்த மோதலில் அந்த மனிதரைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

டிரேக் எதிர்ப்பாட்டோடு நிற்கவில்லை, நீதிமன்றத்துக்கும் போனார். 2025 ஜனவரியில் லமார் மேல் அல்ல, பாட்டை வெளியிட்டு விளம்பரப்படுத்திய யுனிவர்சல் மியூசிக் மேல் அவதூறு வழக்குப் போட்டார். அது அவருடைய பாட்டுகளையும் வெளியிடும் அதே நிறுவனம். காவலாளி சுடப்பட்டதும் மனுவில் இருந்தது. அக்டோபரில் நீதிபதி ஜெனட் வர்கஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஒருவரையொருவர் மாறி மாறித் திட்டும் ராப் சண்டையில் வரும் வரிகளைச் சரிபார்த்த தகவலாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவை கருத்து என்ற வகையில் வரும் என்பது தீர்ப்பின் சாரம். டிரேக் மேல்முறையீடு செய்திருக்கிறார்.

அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ராப் வரி என்பது மிகைப்படுத்தல், உண்மை வாக்குமூலம் அல்ல என்ற அந்தப் பெருந்தன்மை, குற்றவியல் நீதிமன்றங்களில் நிற்கும் கறுப்பின இளைஞர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் எத்தனையோ வழக்குகளில் அரசு வழக்கறிஞர்கள் ராப் வரிகளைச் சாட்சியமாகப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ஜார்ஜியாவில் ராப்பர் யங் தக் மீதான வழக்கில் நீதிபதி அதை நிபந்தனைகளோடு அனுமதித்தார். லண்டனில் ஸ்கெங்டோ, ஏஎம் என்ற இருவர், தடையுத்தரவை மீறித் தங்கள் டிரில் பாட்டை மேடையில் பாடியதற்காக 2019-ல் 9 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். அது நிறுத்திவைக்கப்பட்டது. கலிஃபோர்னியா 2022-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, கலைப்படைப்பைச் சாட்சியமாக ஏற்குமுன் அது பாரபட்சத்தை உண்டாக்குமா என்று நீதிபதி பார்க்க வேண்டும் என்றது.

இதில் எவ்வளவு தவறு நடக்கலாம் என்பதற்கு ராப்பர் லில் டர்க்கின் வழக்கைப் பார்க்கலாம். 2020 நவம்பரில் அட்லாண்டாவில் குவாண்டோ ராண்டோ என்ற ராப்பரின் ஆட்களோடு நடந்த கைகலப்பில், ஓ பிளாக்கின் ராப்பர் கிங் வான் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 26. 2022 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் குவாண்டோ ராண்டோவைக் குறிவைத்து நடந்த தாக்குதலில் அவருடைய உறவினர் ஒருவர் இறந்தார். வானின் நெருங்கிய நண்பரான லில் டர்க்தான் கூலிக்கு ஆள் வைத்தார் என்று 2024 அக்டோபரில் கூட்டாட்சி அரசு அவரைக் கைது செய்தது. அவர் மறுக்கிறார். அந்தக் கொலையைப் பற்றிப் பெருமை பேசுவதாகச் சொல்லி அவர் பாடிய சில வரிகளையும் குற்றச்சாட்டோடு சேர்த்திருந்தார்கள். அந்த வரிகள் கொலைக்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவானவை என்று அவர் தரப்பு பதிவு செய்தவர்களின் வாக்குமூலத்தோடு காட்டியது. 2025-ல் திருத்தித் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் பாட்டு வரிகள் இல்லை. மற்ற குற்றச்சாட்டுகள் அப்படியே இருக்கின்றன, அவற்றை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு வரி எந்த மாதம் பதிவானது என்று தேடிப்போய் நிரூபிக்க ஒரு பெரிய வக்கீல் குழு வேண்டியிருந்தது. அரசு கொடுக்கும் இலவச வக்கீலை நம்பி நிற்கிற, யூடியூபில் இரண்டு பாட்டு போட்ட 19 வயதுப் பையனுக்காக அந்தத் தேதியை யார் தேடுவார்கள்?